முதலில் நினைத்தது சரி... ஆனாலும் சீட்டைக் கவிழ்த்தார்! லாஸ் வேகாஸின் பழைய தெருவில் ஒரு போக்கர் மேஜையின் கதை

லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் இறங்குபவர்களை முதலில் வரவேற்பது ஸ்லாட் மெஷின்களின் 'கிணிங் கிணிங்' சத்தம்தான். பயணிகள் காத்திருக்கும் நாற்காலிகளுக்குப் பக்கத்திலேயே வரிசையாக மின்னிக்கொண்டிருக்கின்றன அந்த மெஷின்கள். ஊருக்குள் போகும் முன்பே பர்ஸைத் திறக்கவைக்கும் ஊர் இது.

அங்கிருந்து பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் நேராகப் போவது 'ஸ்ட்ரிப்' என்ற பெரிய சாலைக்கு. பாட்டுக்கு ஏற்ப ஆடும் பெல்லாஜியோ நீரூற்று, ஈஃபில் கோபுரத்தின் நகல், வெனிஸ் நகரத்துப் படகு என்று சினிமாவில் பார்த்த லாஸ் வேகாஸ் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆனால், போக்கர் ஆட்டத்தின் கதை தெரிந்தவர்கள் பஸ் ஏறி வடக்கே போவார்கள். அவர்கள் தேடிப்போவது ஃப்ரீமான்ட் தெருவை. அந்தத் தெருவில் 'பினியன்ஸ்' என்றொரு பழைய கேசினோ இருக்கிறது. உலகத்தின் மிகப் பிரபலமான சில தப்புக் கணக்குகள் போடப்பட்ட இடம் அது!

பாலைவனத்தில் ஒரு தெரு

லாஸ் வேகாஸ் என்ற ஸ்பானியச் சொல்லுக்குப் 'புல்வெளிகள்' என்று அர்த்தம். மொஹாவே பாலைவனத்தின் நடுவில் ஊற்றுநீர் கிடைத்த இடம் என்பதால் அந்தப் பெயர். 1905-ல் ரயில் பாதையை ஒட்டிய மனைகள் ஏலம் விடப்பட்டபோது இந்த ஊர் பிறந்தது. 1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் பக்கத்தில் ஹூவர் அணையின் கட்டுமானமும் ஆரம்பித்தது. கையில் சம்பளப் பணத்தோடு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒருபக்கம், திறந்திருந்த சூதாட்டக் கடைகள் மறுபக்கம். இவை இரண்டும் சந்தித்த முக்கியமான இடம் ஃப்ரீமான்ட் தெரு.

இன்று அந்தத் தெருவின் தலைக்கு மேலே நான்கு பிளாக் நீளத்துக்குப் பெரிய வளைவுக் கூரை இருக்கிறது. 1995-ல் திறக்கப்பட்ட இந்தக் கூரை முழுக்கவே ஒரு ஒளித்திரைதான். இருட்டியதும் பாட்டும் படமுமாக இலவசக் காட்சி நடக்கும். கூரைக்குக் கீழே கம்பியில் தொங்கியபடி மனிதர்கள் பறந்துபோவார்கள். ஓரமாக, 1951-ல் வைக்கப்பட்ட 'வேகாஸ் விக்' என்ற நியான் கவ்பாய் இன்றும் நிற்கிறார். கோல்டன் நக்கெட் ஹோட்டலில் 27 கிலோ எடையுள்ள ஒரே தங்கக்கட்டியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதற்கு எதிரில் இருக்கிறது பினியன்ஸ்.

டெக்சாஸிலிருந்து வந்த பென்னி பினியன் 1951-ல் இதைத் திறந்தார். அப்போது பெயர் 'பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ', அதாவது குதிரை லாடம். ஆடம்பர மேடை நிகழ்ச்சிகளை அவர் நம்பவில்லை. நல்ல சாப்பாடு, தாராளமான பந்தய வரம்பு, இவை இரண்டையும் வைத்தே கூட்டத்தைச் சேர்த்தார். 10,000 டாலர் நோட்டுகள் நூற்றை அடுக்கி, பத்து லட்சம் டாலருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னது அவருடைய கேசினோதான். அந்த நோட்டுகள் பிற்பாடு விற்கப்பட்டுவிட்டன. 2008-ல் புதிய உரிமையாளர் வேறு நோட்டுகளைக் கொண்டு இன்னொரு 'மில்லியன் டாலர் குவியல்' வைத்தார்.

1970-ல் பென்னி பினியன் நாட்டின் தேர்ந்த போக்கர் ஆட்டக்காரர்கள் சிலரை அழைத்து ஒரு போட்டி நடத்தினார். 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' பிறந்தது அப்படித்தான். அதன் முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 1970-களில் வைத்த அந்தத் தொகை இன்றும் மாறவில்லை.

இரண்டு சீட்டு, ஐந்து சீட்டு

கதைக்குள் போகும் முன் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். முக்கியப் போட்டியில் ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டம்' வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள். அவற்றை அவர் மட்டுமே பார்க்கலாம். பிறகு மேஜை நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் திறந்துவைக்கப்படும். முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், எதிராளி கட்டியதற்குச் சமமாகப் போடலாம், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். நம்மூர் ரம்மியில் 'ஸ்கூட்' விடுவது போலத்தான்.

ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தை வைத்துத்தான் வெற்றி. ஜோடி சிறியது. தொடர் எண்கள் அதைவிடப் பெரியது. ஒரே இனத்தில் ஐந்து சீட்டு இன்னும் பெரியது.

ஆட்டத்தின் முக்கியமான ரகசியம் வேறு. எல்லோரும் விலகிவிட்டால், மிச்சமிருப்பவர் தன் சீட்டைக் காட்டவே வேண்டாம். கையில் ஒன்றுமே இல்லாதவரும் தைரியமாகப் பணத்தைத் தள்ளி எதிராளியைப் பயமுறுத்தி விரட்டலாம். அதற்குப் பெயர் 'புளஃப்'. ஏமாந்தவருக்குத் தான் ஏமாந்தது அந்த மேஜையில் தெரியாமலேகூடப் போகலாம்.

2003 மே மாதம், ஒரு இரவு

அந்த ஆண்டு முக்கியப் போட்டிக்கு வந்தவர்கள் 839 பேர். நாள்கணக்கில் ஆடி, கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்.

ஒருவர் சாமி ஃபர்ஹா. லெபனானில் பிறந்தவர், தொழில்முறை ஆட்டக்காரர். பற்ற வைக்காத சிகரெட் ஒன்று எப்போதும் உதட்டிலோ விரலிலோ இருக்கும். இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர். அது பட்டப்பெயரல்ல, நிஜப் பெயரே அதுதான்! டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த 27 வயது அக்கவுன்டன்ட். நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் இணையத்தில் ஒரு தகுதிப் போட்டி ஆடி, அதன் வழியாக 10,000 டாலர் நுழைவுச் சீட்டை வென்று வந்தவர்.

ஜெயித்தால் 25 லட்சம் டாலர், தோற்றால் 13 லட்சம் டாலர். இருவருக்கும் நடுவில் இருந்தது 12 லட்சம் டாலர் வித்தியாசமும், 'உலக சாம்பியன்' என்ற பட்டமும்.

அந்த ஆட்டத்தில் ஃபர்ஹாவின் கையில் இஸ்பேட் ராணியும் ஆர்ட்டின் 9-ம் இருந்தன. மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் 7-ம். நடுவில் முதலில் வந்தவை இஸ்பேட் 9, டைமன் 2, இஸ்பேட் 6. ஃபர்ஹாவுக்கு 9 ஜோடி சேர்ந்துவிட்டது. நான்காவதாக இஸ்பேட் 8 வந்தது. இப்போது நடுவில் மூன்று இஸ்பேட். இருவர் கையிலும் ஆளுக்கொரு இஸ்பேட். இன்னொரு இஸ்பேட் விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்துவிடும். மணிமேக்கருக்கு 6, 7, 8, 9 என்று தொடரும் வரிசையாக நின்றது. ஒரு 5 அல்லது ஒரு 10 வந்தாலும் போதும். ஃபர்ஹா பணம் கட்டினார். மணிமேக்கர் அதை உயர்த்தினார். ஃபர்ஹாவும் விடாமல் சமமாகப் போட்டார்.

கடைசிச் சீட்டு ஆர்ட்டின் 3. மணிமேக்கர் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. அவரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ஃபர்ஹா இந்த முறை பணம் கட்டாமல் காத்திருந்தார். மணிமேக்கர் 'ஆல்-இன்' என்று முன்னால் இருந்த மொத்த சிப்ஸையும் பந்தயம் கட்டினார்.

ஃபர்ஹா யோசித்தார். எதிராளியை உற்றுப் பார்த்தார். இஸ்பேட் வரும் என்று காத்திருந்து உனக்கு அது வரவில்லை, அப்படித்தானே என்கிற மாதிரி வாய்விட்டே கேட்டார். மணிமேக்கர் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஃபர்ஹாவின் ஊகம் நூறு சதவிகிதம் சரி. அவரிடம் இருந்த 9 ஜோடி அந்த ஆட்டத்தை ஜெயிக்கப் போதுமானது. ஆனால், அவர் தன் ஊகத்தையே சந்தேகப்பட்டார். சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அந்த ஆண்டு ஒளிபரப்பில், ஆட்டக்காரர்களின் மறைவான சீட்டுகளைக் காட்டும் சின்ன கேமராக்கள் மேஜையில் பொருத்தப்பட்டிருந்தன. சில வாரங்களுக்குப் பிறகு டி.வி-யில் நிகழ்ச்சி வந்தபோது வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரண்டு பேர் சீட்டும் தெரிந்தது. 'இதுகூடத் தெரியலையா, போடுய்யா!' என்று கத்தத் தோன்றும். நூற்றாண்டின் புளஃப் இதுதான் என்று வர்ணனையாளரே சொல்லிவிட்டார்.

ஃபர்ஹாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் காட்சியே வேறு. அவருக்குத் தெரிந்தவை மொத்தம் ஏழு சீட்டுகள்தான். நடுவில் மூன்று இஸ்பேட் கிடக்கிறது. எதிராளி இரண்டு இஸ்பேட் வைத்திருந்தால் கதை முடிந்தது. ஒரு 10-ம் 7-ம் வைத்திருந்தாலும் முடிந்தது. 7-ம் 5-ம் என்றாலும் அதே கதிதான். நான்காவது சீட்டில் பணத்தை உயர்த்திய அதே ஆள், ஐந்தாவது சீட்டில் முழுவதையும் தள்ளுகிறார். பெயர் தெரியாத ஒரு புது ஆள், உலகப் போட்டியின் கடைசி மேஜையில் வெறுங்கையோடு இப்படிச் செய்வாரா?

மறுபக்கமும் இருக்கிறது. ஃபர்ஹா கையில் ஓர் இஸ்பேட், நடுவில் மூன்று. ஆக, பார்க்காத சீட்டுகளில் மிச்சம் ஒன்பது இஸ்பேட்தான். அதில் இரண்டு எதிராளியிடம் இருக்க வேண்டும். வாய்ப்பு உண்டு, ஆனால் நிச்சயமில்லை. இந்த இழுபறிக்கு நடுவில்தான் அவர் முடிவெடுத்தார். அதனால் அதைப் 'புத்திகெட்ட முடிவு' என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

கதை அதோடு முடியவில்லை. அதன் பிறகு வந்த கடைசி ஆட்டத்தில் ஃபர்ஹாவிடம் ஜாக்கியும் 10-ம் இருந்தன. நடுவில் ஜாக்கி, 5, 4 வந்தன. மறுபடியும் அவருக்கு மேஜையிலிருந்த பெரிய சீட்டோடு ஜோடி! இந்த முறை அவர் விலகவில்லை. முழுவதையும் தள்ளினார். மணிமேக்கர் கையில் இருந்தவை 5-ம் 4-ம். இரண்டு ஜோடி. கடைசிச் சீட்டாக இன்னொரு 5 வந்து விழ, போட்டி முடிந்தது.

ஒரே மேஜை, ஒரே எதிராளி, கிட்டத்தட்ட ஒரே பலமுள்ள கை. போட்டிருந்தால் ஜெயித்திருக்க வேண்டிய இடத்தில் விலகினார். விலகியிருக்க வேண்டிய இடத்தில் போட்டார். போக்கர் ஆடுபவர்கள் இந்த இரண்டு ஆட்டங்களையும் இன்றுவரை பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

ரூலெட்டில் இல்லாத வலி

கேசினோவுக்குள் பணம் தோற்பது புதிதல்ல. அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால் கிடைப்பது கட்டியதைப் போல 35 மடங்கு. அந்த இடைவெளியில்தான் கேசினோவின் லாபம் இருக்கிறது. கட்டும் ஒவ்வொரு நூறு டாலரிலும் சராசரியாக 5 டாலருக்கு மேல் நிர்வாகத்துக்கு. அங்கே தோற்றவர் 'நேரம் சரியில்லை' என்று சொல்லிவிட்டுப் போகலாம். பந்தை அவர் உருட்டவில்லையே!

போக்கர் அப்படியில்லை. அங்கே கேசினோவை எதிர்த்து யாரும் ஆடுவதில்லை. மேஜையில் இருப்பவர்கள் ஒருவர் பணத்துக்கு ஒருவர் ஆடுகிறார்கள். இடம் கொடுத்ததற்காகக் கேசினோ ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. போடுவதும் விலகுவதும் ஆடுபவரின் முடிவு. அதனால் பணம் போன பிறகும் கேள்வி போகாது. 'போட்டிருக்கணுமோ?', 'விட்டிருக்கணுமோ?' என்று ஹோட்டல் அறைக்குப் போன பிறகும் மனசுக்குள் சீட்டு விழுந்துகொண்டே இருக்கும்.

இந்த மறுயோசனையின் ஆபத்தைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நன்றாக அறிவார்கள். போன பணத்தை உடனே பிடிக்க வேண்டும் என்ற வேகத்தில் கண்டபடி ஆடுவதை 'டில்ட்' என்பார்கள். ஒரு தப்பால் வந்த இழப்பைவிட, அதை நினைத்து நினைத்து அடுத்த ஒரு மணி நேரம் செய்யும் தப்புகளால் வரும் இழப்பு பெரிது.

முடிவு வேறு, முடிவின் பலன் வேறு

அப்படியானால் ஒரு முடிவு சரியா தப்பா என்று எப்படிப் பார்ப்பது? இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. எதிராளி இன்னொரு 100 போடுகிறார். நீங்களும் 100 போட்டால் மொத்தம் 300. இதே நிலைமை மூன்று முறை வந்து, அதில் ஒரு முறை ஜெயித்தாலே போட்டது திரும்பிவிடும். அதாவது, மூன்றில் இரண்டு முறை தோற்கும் முடிவும் கணக்குப்படி நஷ்டமில்லாத முடிவாக இருக்கலாம்.

இன்னோர் உதாரணம். கையில் இரண்டு ஏஸ் வருவது 221 முறைக்கு ஒரு முறை. அதை வைத்துக்கொண்டு, இரண்டு ராஜா வைத்திருப்பவரோடு மோதினால் ஐந்தில் சுமார் நான்கு முறை ஜெயிக்கலாம். ஐந்தாவது முறை தோற்றவர் செய்த தப்பு என்ன? எதுவுமில்லை.

பலனை மட்டும் பார்த்து முடிவை எடைபோடும் பழக்கத்துக்குப் போக்கர் உலகில் 'ரிசல்ட்டிங்' என்று பெயர். உளவியல் படித்து, போக்கர் ஆடி, 2004-ல் உலகப் போட்டித் தொடரில் ஒரு பட்டமும் வென்ற ஆனி டியூக், 'திங்கிங் இன் பெட்ஸ்' என்ற புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டியவர் பத்திரமாக வீடு வந்துசேர்ந்தார் என்பதால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாதே! அதேபோல், யோசித்து எடுத்த முடிவு கைவிட்டது என்பதற்காக அது தப்பாகிவிடாது. அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது, அதை வைத்து என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

அதே கட்டடத்தில் இன்னொரு தோல்வி

இதற்குச் சாட்சியாக ஒருவர் இருக்கிறார். ஃபர்ஹா தோற்பதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பு, 1988-ல், இதே பினியன்ஸில் நடந்த முக்கியப் போட்டியின் கடைசி இருவரில் ஒருவர் எரிக் சைடல். 1987-ல் பங்குச்சந்தை சரிந்த பிறகு வேலை இழந்தவர். எதிரில் உட்கார்ந்திருந்தவர் முந்தைய ஆண்டின் சாம்பியன் ஜானி சான்.

நடுவில் ராணி, 10, 8 வந்தன. சைடல் கையில் ராணியும் 7-ம். ராணி ஜோடி. சான் கையில் ஜாக்கியும் 9-ம். ஐந்து சீட்டும் வரிசையாகச் சேர்ந்துவிட்டது அவருக்கு. ஆனால், அதை வெளிக்காட்டாமல் பலவீனமானவர்போல் காத்திருந்தார். கடைசிச் சீட்டில் சைடல் முழுவதையும் தள்ளினார். அந்த நொடியில் எல்லாம் முடிந்தது. சானுக்கு 7 லட்சம் டாலர், சைடலுக்கு 2,80,000 டாலர்.

அதைவிடக் கொடுமை, 1998-ல் வந்த 'ரவுண்டர்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் அந்த ஆட்டத்தின் நிஜக் காட்சியே இடம்பெற்றது. ஒரு மனிதரின் மிகப்பெரிய தோல்வியை உலகமே திரும்பத் திரும்பப் பார்த்தது.

சைடல் மேஜையை விட்டுப் போகவில்லை. உலகப் போட்டித் தொடரில் இதுவரை 10 பட்டங்கள் வென்றிருக்கிறார். 2010-ல் போக்கர் ஆட்டத்தின் புகழ் மன்றத்திலும் சேர்க்கப்பட்டார். அந்த ஒரு கை அவர் வாழ்க்கையின் மொத்தக் கணக்காக ஆகிவிடவில்லை.

இன்று அந்த இடத்தில்

மணிமேக்கரின் வெற்றியைப் பார்த்து 'நாமும் போகலாமே' என்று உலகம் கிளம்பியது. 2003-ல் 839 பேர் ஆடிய போட்டிக்கு 2004-ல் 2,576 பேர் வந்தார்கள். 2006-ல் 8,773 பேர். பினியன்ஸ் அந்தக் கூட்டத்தைத் தாங்கவில்லை. போட்டி வெளியே போனது. கடன் பிரச்னையால் 2004-ல் கேசினோவே சில மாதங்கள் மூடிக்கிடந்து, கைமாறித் திறந்தது. 'ஹார்ஸ்ஷூ' என்ற பெயரும் விற்கப்பட்டு, இப்போது ஸ்ட்ரிப்பில் இருக்கும் வேறொரு ஹோட்டலின் நெற்றியில் மின்னுகிறது. உலகப் போட்டியும் இப்போது அங்கேதான் நடக்கிறது. பழைய இடத்தில் பினியன் என்ற குடும்பப் பெயர் மட்டும் மிச்சம்.

போக நினைப்பவர்கள் கவனத்துக்கு... கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் மாலைக்கு மேல் ஃப்ரீமான்ட் தெருவில் நடப்பது நல்லது. ஸ்ட்ரிப்பிலிருந்து 'டியூஸ்' என்ற மாடி பஸ் வருகிறது. 21 வயது நிறையாதவர்கள் சூதாட முடியாது. குடும்பத்தோடு போனால், தெருவின் ஒளிக்காட்சியும் பழைய விளக்குப் பலகைகளைச் சேர்த்துவைத்திருக்கும் நியான் மியூசியமும் நல்ல தேர்வு.

மேஜையில் உட்கார ஆசைப்படுபவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்வது ஒன்றுதான். எவ்வளவு தோற்றால் எழுந்துவிடுவது என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவை நம்பக் கூடாது.

20 ஆண்டுகள் கழித்தும் யூடியூபில் ஃபர்ஹா அந்தச் சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருக்கிறார். பார்ப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. அன்று இரவு பினியன்ஸில் அவருக்குத் தெரிந்தது தன்னுடைய இரண்டு சீட்டுகளும், எதிரில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு முகமும்தான்.